நல்ல கடல் என்று எழுதிய பலகை

உன் பலகை இப்போது என் வீட்டு முன்னறையில் இருக்கிறது. உன் மச்சினன் லூர்து நேற்றுச் சாயங்காலம் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்தான். உன் கடைக்கு வெள்ளையடிக்கிறானாம், இதை வைக்க இடமில்லையாம். அது பொய் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். இரண்டு பேருமாகப் பிடித்து அதைச் சுவரோரம் சாத்தினோம். சாத்திய மாத்திரத்தில் வீடெல்லாம் தார் வாசனை. என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, வீட்டுக்குள் ரோடு போடப் போகிறீர்களா என்று கேட்டாள். உன்னுடையது என்றேன். உள்ளே போய், அடியில் விரிக்க ஒரு பழைய சாக்கை எடுத்துவந்து கொடுத்தாள். நீ உயிரோடு இருந்தபோது உனக்கு அவள் இவ்வளவு மரியாதை செய்து நான் பார்த்ததில்லை.

தார், தென்னங்கயிறு, சாக்கட்டித் தூள். இந்த மூன்றும் கலந்த வாசனையில்தான் எத்தனையோ வருடம் நான் காலைக் காபி குடித்திருக்கிறேன். கடற்கரை ரோட்டில் உன் கயிற்றுக்கடை, அதன் தலைக்கு மேலே மொட்டை மாடி, மாடியில் இரண்டு முக்காலி. ஒன்றில் நீ, ஒன்றில் நான். நடுவில் தோல் உறை போட்ட உன் டிரான்சிஸ்டர், பெரிய மனிதர் மாதிரி தனியாக ஒரு மணைமேல்.

அந்த டிரான்சிஸ்டர் வந்தபிறகுதான் உனக்குக் கிறுக்குப் பிடித்தது. ராத்திரி ரேடியோவில் கடல் வானிலை கேட்பாய். விடிந்ததும் மாடியில் ஏறி, கரைக்கு எதிரே தெரியும் தீவுக்குத் தெற்கே பாரின்மேல் அலை எப்படி உடைகிறது என்று பார்ப்பாய். கடலடியில் கிடக்கும் அந்தப் பாறைத் திட்டைத்தான் இந்தப் பக்கத்தில் பார் என்கிறார்கள் என்று, நாசரேத்திலிருந்து பிழைக்க வந்த எனக்கு நீதான் சொன்னாய். அலையைப் பார்த்துவிட்டு முழங்காலைத் தடவி அதையும் ஒரு வார்த்தை கேட்பாய். பிறகு கீழே இறங்கிப் போய்க் கடை வாசலில் இருக்கும் இந்தப் பலகையில் எழுதுவாய். 'நல்ல கடல்' என்று எழுதுவாய், அல்லது 'இன்று வேண்டாம்' என்று எழுதுவாய். யாரும் கேட்கவில்லை, காசும் கிடையாது. ஊருக்கு நன்மை, கடைக்கு விளம்பரம் என்றாய்.

விளம்பரம் நன்றாகத்தான் ஆனது. 'இன்று வேண்டாம்' என்று நீ எழுதிய நாளெல்லாம் கடல் தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடந்தது. 'நல்ல கடல்' என்று எழுதிய நாளில் மேற்கேயிருந்து கச்சான் காற்று பிய்த்து எறிந்தது. மாதா கோயில் திருநாளுக்குச் சப்பரம் புறப்படலாம், மழைக்கு வழியே இல்லை என்று நீ உறுதி கொடுத்ததில், பேண்டு வாசித்தவர்களின் பெரிய மேளம் நனைந்து ஒரு வாரம் இருமியது. உப்பளக்காரர் ஒருவர் உன் பேச்சைக் கேட்டு அம்பாரத்துக்குக் கீற்று போடாமல் விட்டுவிட்டு, மறுநாள் உப்பைத் தேடினார். இதையெல்லாம் நான் ஊருக்குச் சொன்னேன், சென்னை வாரப் பத்திரிகைக்கும் எழுதினேன். நீயே அதை வாங்கிக் கடையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாய். கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கணக்கெழுதும் எனக்கு இந்த ஊரில் கிடைத்த பேரெல்லாம் உன் புண்ணியம்.

நாளாக ஆக அது வேடிக்கை என்ற நிலையைத் தாண்டிப்போனது. சங்கு குளிக்கப் போகிறவர்கள் விடியற்காலையில் உன் கடை வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். கடலை அவர்களுக்கு நீ சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் பூனை குறுக்கே போவது மாதிரி, உன் பலகை ஒரு சகுனம் ஆகிவிட்டது. 'வேண்டாம்' என்று இருந்தால் சிரித்துக்கொண்டே வள்ளத்தைத் தள்ளுவார்கள். 'நல்ல கடல்' என்று இருந்தால் முகம் சுருங்கும். சரி, ஒரு டீ குடித்துவிட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்துவிடுவார்கள். மானமுள்ளவனாக இருந்தால் பலகையை உடைத்து அடுப்பில் வைத்திருப்பான். நீ காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாய்: "என்னைய நம்பாம இருக்கதும் ஒரு நம்பிக்கதானலே. ஒருநாளாவது வீண்போயிருக்கா?"

அந்த நாளுக்கு வருகிறேன். சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறேன்.

சங்குப் பருவம் முடியப்போகிற சமயம். முத்துக்குளிப்பு நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது, சங்குதான் சோறு போட்டது. ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போனது, அதனால் எல்லோருக்கும் அவசரம். முந்தின நாள் சாயங்காலம்தான் மணப்பாட்டிலிருந்து உன் மனைவி ரோஸலியின் தம்பி லூர்து தன் வள்ளத்தோடும் இரண்டு ஆட்களோடும் வந்திருந்தான், மிச்சமிருக்கும் நாட்களில் குளிக்கலாம் என்று. உன் வீட்டுக் குசினியில் உட்கார்ந்து மீன்குழம்பு சாப்பிட்டான். நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவனுக்கு உன்மேல் அப்படி ஒரு பிரியம். அத்தான் அத்தான் என்று நீ சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான். உன் பேச்சுக்கு ஒருவன் தலையாட்டுவதைப் பார்க்க எனக்கே விநோதமாக இருந்தது.

விடிந்தது. காற்று என்பதே இல்லை. புது ஹார்பருக்குக் கல் ஏற்றிப்போன லாரிகளின் புழுதி எழுந்த இடத்திலேயே நின்றது. கரையோரம் கடல் எண்ணெய் மாதிரி. ரேடியோவும் பயமில்லை என்றுதான் சொல்லியிருந்தது. நீ மாடியில் கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டு நின்றாய். காபி ஆறியது.

"அங்கன பாரு," என்றாய்.

பார்த்தேன். ஒன்றுமில்லை. கப்பல் பட்டியலில் தவிர வேறெங்கும் கடலைப் படித்தறியாத எனக்கு என்ன தெரியும்? பொறு என்றாய். வெகுநேரம் கழித்து, தீவுக்குத் தெற்கே ஓசையில்லாமல் ஒரு வெள்ளைக்கோடு எழுந்தது. தீவு நீளத்துக்கு எழுந்து, அப்படியே சரிந்தது. அதன்பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்தது, தூரத்தில் யாரோ கூட்ஸ் வண்டியைக் கோத்துவிட்டது மாதிரி. அடுத்தடுத்து இன்னும் சில கோடுகள். மறுபடி ஒன்றுமில்லை. கடல் ஒன்றும் தெரியாத பிள்ளை போல முகத்தை வைத்துக்கொண்டது.

காற்றில்லாமல் வருகிற அலை இது, எங்கேயோ தெற்கே கண்காணாத தூரத்தில் அடித்த புயலின் அலை என்றாய். ஆழத்தில் போனால் தெரியாது, தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும். பாரின்மேல் ஏறும்போதுதான் நிமிர்ந்து நின்று உடையும். இவர்கள் தீவுக்கும் பாருக்கும் நடுவில் இருக்கும் குறுக்குவழியில்தான் போவார்கள். அமைதியான நேரத்தில் உள்ளே நுழைவார்கள், நடுவழியில் இருக்கும்போது அது வரும். இதை நீ சொன்னபோது முழங்காலைத் தடவவில்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன்.

அப்படியானால் போய் 'வேண்டாம்' என்று எழுது, என்ன யோசனை என்று கேட்டேன். நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

"வேண்டாம்னு எழுதுனா இப்பவே பாய விரிச்சிருவானுவலே."

சொல்லிவிட்டு இறங்கிப் போனாய். நான் மேலிருந்தே எட்டிப் பார்த்தேன். ஈரத்துணியால் பலகையைத் துடைத்தாய். கொட்டை எழுத்தில் 'நல்ல கடல்' என்று எழுதினாய். எழுதிவிட்டு அடியில் ஒரு கோடு வேறு இழுத்தாய். இப்படி அதற்கு முன்னாலும் எத்தனை நாள் செய்திருக்கிறாய், அத்தனை வருடமும் நீ தப்பாகச் சொன்னதில் எது தப்பு, எது வேண்டுமென்றே என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்க நினைத்தபோதெல்லாம் நீ பேச்சை மாற்றினாய்.

மேலே வந்து உட்கார்ந்தாய். சூடாக வேறு காபி வந்தது. கீழே ஆட்கள் கூடுவதும் பேசுவதும் கேட்டது. பெரிதாக ஒரு சிரிப்பு எழுந்தது. உன் முகத்தில் திருப்தி. வேலை நடக்கிறது என்று கண்ணைக் காட்டினாய். நானும் இதை எப்படிப் பத்திரிகைக்கு எழுதலாம் என்று மனதுக்குள் முதல் வரியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சிரிப்பு எதற்கு என்று நமக்கு அப்புறம்தான் தெரிந்தது. பலகையின் முன்னால் லூர்து நின்றிருக்கிறான். அத்தானே நல்லது என்று எழுதிவிட்டார், நீ வீட்டுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படு என்று யாரோ அவனைச் சீண்டியிருக்கிறார்கள். அவனுக்கு முதலில் புரியவில்லை. விளக்கிச் சொல்லியிருக்கிறார்கள், உன் மேளக் கதை, உப்புக் கதை எல்லாவற்றையும். அவன் முகம் சிவந்துபோய், "எங்க அத்தான் எழுதுனா நான் போவேன்" என்றானாம். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

நாம் இறங்கி வந்தபோது கரையில் எல்லா வள்ளமும் கிடந்தது, ஒன்றைத் தவிர. அதற்குள் லேசாகக் கிளம்பியிருந்த கரைக்காற்றில் அது பாய் விரித்து, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. பின்னணியத்தில், வள்ளத்தின் வால்பக்கம், நின்ற லூர்து திரும்பி உன்னைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

நீ தண்ணீர்வரை ஓடினாய். செருப்போடு இறங்கினாய். வாயைத் திறந்தாய். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், உன் தொண்டை எழும்பிய விதத்தை. டீக்கடை பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'போகாதே' என்றோ 'திரும்பு' என்றோ ஒரு சொல் உன் வாயிலிருந்து வந்தால் போதும். அவன் திரும்பிவிடுவான். ஆனால் இத்தனை பேரும் எழுந்து வள்ளத்தைத் தள்ளிவிடுவார்கள்.

"என்ன அண்ணாச்சி, மச்சினன வழியனுப்ப வந்தீரோ?" என்று ஒருவர் கேட்டார்.

நீ வாயைத் துடைத்துக்கொண்டாய்.

"ஆமா," என்றாய். "நல்ல கடல்லா."

அவர்கள் இன்னொரு டீ சொன்னார்கள்.

அப்புறம் திரும்பி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாய். எங்கள் ஆபீஸ் லாஞ்சு எங்கே நிற்கிறது என்று கேட்டாய். ஓடாமல், ஓடுவது தெரியாமல், வேகமாக நடந்தோம். வேடிக்கை பார்ப்பவர்களுக்கு இரண்டு தொப்பைக்காரர்கள் அவசரமாகக் கக்கூசுக்குப் போவது மாதிரித்தான் இருந்திருக்கும். பழைய துறைமுகத்துப் பாலத்தடியில் லாஞ்சு நின்றது. அதை ஓட்டும் மைதீன் காக்கா பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். காயல்பட்டணத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். விஷயத்தைச் சொன்னதும் பீடியைத் தண்ணீரில் போட்டார். உன்னைப் பார்த்து, "நீங்க ஏறப்போறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. கடலுக்குக் கயிறு விற்று வயிறு வளர்த்தவன் நீ. ஆனால் கடல் உனக்கு ஆகாது. கப்பலுக்குக் கயிறு காட்டப் படகில் ஏறி, கட்டவிழ்ப்பதற்கு முன்னாலேயே வாந்தி எடுத்துத் திரும்பியவன் என்று ஊரெல்லாம் தெரியும். ஊரெல்லாம் தெரியக் காரணம் நான். அன்றைக்கு நீ ஏறினாய். எனக்கு நீச்சல் தெரியாது என்பதை ஏறிய பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

தீவைத் தாண்டும்வரை ஒன்றுமில்லை. அதன்பிறகு கடல் மூச்சு விட ஆரம்பித்தது. அலையென்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. முன்னால் இருந்த அடிவானம் மறையும், பிறகு திரும்ப வரும். நீ பக்கவாட்டில் தொங்கி வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தாய். குடித்த காபியெல்லாம் போய், வெறும் பித்தநீர் வந்தது. நான் உன் இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒருதரம் நிமிர்ந்து, கண்ணில் நீர் வழிய, என்னைப் பார்க்காமல் சொன்னாய்:

"நம்புதவன் ஒருத்தன் இருப்பான்னு நான் நெனைக்கவே இல்லயேலே."

நாம் போய்ச் சேர்வதற்குள் அவன் குறுக்குவழியில் நுழைந்துவிட்டான். நுழைந்தபோது எல்லாம் அமைதியாகத்தான் இருந்தது. பிறகு, நீ மாடியிலிருந்து காட்டிய அதே வெள்ளைக்கோடு. பக்கத்திலிருந்து பார்த்தால் அது கோடு அல்ல. பச்சையாக ஒரு சுவர், அதன் உச்சியில் மட்டும் வெள்ளை. வள்ளம் அதில் ஏறி, நெட்டுக்குத்தாக நின்றது. பாய்மரம் கீழ்நோக்கி வந்தது. சத்தம் என்னவென்று எனக்கு நினைவில்லை. மைதீன் காக்கா பாருக்கு உள்ளே போகாமல், வெளியிலேயே லாஞ்சைச் சுற்றிச் சுற்றி நிறுத்தி, அலை ஓய்ந்த இடைவெளியில் கயிறு வீசினார். உன் கடைக் கயிறு. மூன்று பேரையும் இழுத்தோம். மற்ற இரண்டு பேருக்கும் சிராய்ப்புத்தான். லூர்துவின் கால் வள்ளத்துக்கும் பாறைக்கும் நடுவில் அகப்பட்டிருந்தது. அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு நீ லாஞ்சின் தரையில் உட்கார்ந்தாய். அவன் கண்ணைத் திறந்து, "தப்பு எம்மேலதான் அத்தான், நான்தான் ஓரமாப் போயிட்டேன்" என்றான். அதற்கப்புறம் நீ வாந்தி எடுக்கவில்லை. உடம்புக்கு அதுவும் மறந்துபோய்விட்டது.

கரையில் ஊரே நின்றது. அதற்குள் பாரின்மேல் அலை அடிப்பதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். லூர்துவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவர்கள் ஓட, மிச்சம் பேர் உன்னைச் சூழ்ந்துகொண்டார்கள். கேலியில்லை. நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டார்கள். நல்லவேளை அண்ணாச்சி, நீர் நல்ல கடல்னு எழுதினீர், நாங்க பொழைச்சோம் என்றார்கள். நீ தலையை ஆட்டினாய். எனக்குத் தெரிந்து வாழ்நாளில் ஒரே ஒரு தரம் கடலைச் சரியாகப் படித்தாய். அன்றைக்குத்தான் உன்னைப்போலத் தப்பாகச் சொல்ல ஆளில்லை என்று ஊர் முடிவுகட்டியது.

ரோஸலி உன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு போட்டாள், பேசவில்லை. கால் குட்டையாகிப்போன தம்பியை வீட்டில் வைத்துக்கொண்டு, 'நல்ல கடல்' என்று எழுதியவனோடு என்ன பேசுவாள்? அவளிடமாவது உண்மையைச் சொல் என்று நான் உன்னிடம் மன்றாடினேன். சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டாய். இப்போது நான் ஒரு மடையன், சொன்னால் தெரிந்தே அனுப்பினவன், இரண்டில் எதோடு அவள் குடித்தனம் நடத்துவாள் என்று கேட்டாய். மடையன் என்ற பேரை வைத்துக்கொண்டாய். என் வாயை ஒரு விரலால் தொட்டு, பாய் தைக்கிற ஊசியால் தைப்பது மாதிரி காட்டினாய்.

அதன்பிறகு நீ பலகையில் எழுதவே இல்லை. அதன்மேல் தார் டின்னை வைத்தாய். டிரான்சிஸ்டரைப் பாட்டுக்கு மட்டும் திருகினாய். மாடியில் கிழக்கே பார்க்கும்படி இருந்த உன் முக்காலியை மேற்கே பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டாய், பார்க்க அங்கே லாரிப் புழுதி தவிர ஒன்றும் இல்லாவிட்டாலும். லூர்துவைக் கடையில் சேர்த்துக்கொண்டாய். அவன் உன்னை அத்தான் அத்தான் என்று கூப்பிடும்போதெல்லாம் உன் தோள் சற்றே ஏறி இறங்கும். எனக்கு மட்டும் தெரியும். பிறகு ஒரு மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கயிற்றுச் சுருள்மேல் சாய்ந்தாய். அன்றைக்கு மழை வரும் என்று உன் முழங்கால் சொல்லியிருந்ததா என்று கேட்க நான் கொஞ்சம் தாமதமாக வந்துவிட்டேன்.

நேற்று லூர்து பலகையைச் சாத்திவிட்டுப் போகவில்லை. உட்கார்ந்தான். காலை நீட்டித் தடவிக்கொண்டான். ஊர் வம்பு முழுவதையும் ஊருக்கு விநியோகம் செய்தவன் நான். என் வாழ்நாளில் ஒரே ஒரு ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறேன், அதுவும் இவனிடமிருந்து. காபி கொடுத்தேன். அவன் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தான்.

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி," என்றான். "நல்ல கடலுக்கு எங்க அத்தான் லாஞ்சில ஏறுவாகளா? தரையில நின்னாலே தல சுத்துத ஆளு."

இத்தனை காலம் நான் கட்டிக்காத்த ரகசியம் அவனுக்கு அந்த லாஞ்சின் தரையிலேயே தெரிந்திருக்கிறது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. அன்று நீ கூவாமல் நின்றது எதனால் என்பதையும் அவனே யோசித்துப் புரிந்துகொண்டிருக்கிறான். கூவியிருந்தால் மற்றவர்கள் போயிருப்பார்கள், அது சரிதான் என்றான். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அவனுக்கு ஒன்று தெரிய வேண்டும். உன்னிடம் கேட்க வாய் வராமல் வைத்திருந்ததாம்.

"நான் அங்கன நிக்கேன்னு அவுகளுக்குத் தெரியும்லா? ராத்திரி ஒண்ணாத்தான சாப்பிட்டோம். எழுதும்போது என்னைய நெனைக்கலயா?"

நான் சொல்லிவிட்டேன். நீ போட்ட தையலைப் பிரித்துவிட்டேன். அவன் இருப்பது உனக்குத் தெரியும் என்றும் சொன்னேன். பிறகு, லாஞ்சில் நீ சொன்னதை, நீ சொன்ன அதே சொற்களில் சொன்னேன்.

அவன் பலகையைப் பார்த்தான். அவ்வளவுதானா என்று கேட்டான். அவ்வளவுதான் என்றேன். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான். ரோஸலியிடம் சொல்லப்போகிறானா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி வந்து, உள்ளங்கையால் பலகையை ஒருதரம் துடைத்துவிட்டு, விந்தி விந்தி இறங்கிப் போனான்.

பத்திரிகைக்காரர் போன வாரம் எழுதியிருந்தார், என் எழுத்தில் முன்னைப்போலச் சிரிப்பு வருவதில்லை, வயதாகிவிட்டதா என்று. வயதுதான் காரணம் என்று பதில் போட்டேன். உன்னிடம் சொல்வதற்கென்ன? வேடிக்கையாக ஒரு வரி எழுதுகிறேன். எழுதி முடித்ததும், மணப்பாட்டிலோ வேறெங்கோ ஒருவன் இதை வாசித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் சிரிக்க, முகம் சிவந்துபோய்ப் பாய் விரிப்பது கண்ணுக்குத் தெரிகிறது. அந்த வரியை அடித்துவிடுகிறேன்.

சில வரிகளை அடிக்காமலும் அனுப்பிவிடுகிறேன், பிழைப்பு அது. அனுப்பிவிட்டு ராத்திரி ரேடியோவில் கடல் வானிலை கேட்கிறேன். நீயாவது வாந்தி எடுத்துக்கொண்டே போனாய். என்னை நம்புகிறவனுக்காக நான் லாஞ்சில் ஏறுவேனா என்று தெரியவில்லை.